துப்பாக்கி மேல ஒரு தப்பு

நீங்களே போடுங்க சார். நான் தொட மாட்டேன். நான் போட்டா, சவரியப்பன் வேணும்னே கையை ஆட்டிட்டான்னு ஒரு பேச்சு வரும். நீங்க பட்டாளத்துல இருந்து வந்தவுக, இங்க நாலு பிள்ளைகளுக்குச் சுடச் சொல்லிக் குடுக்குறவுக. உங்க கை ஆடாது. அஞ்சு தோட்டா கொண்டாந்திருக்கேன், அஞ்சையும் போடுங்க. போட்டுட்டு ஒரு தாள்ல உங்க துப்பாக்கி கிளப் சீலை வச்சு ஒரே ஒரு வரி எழுதித் தாங்க. இந்தத் துப்பாக்கி பாத்த எடத்துல போடாது, தப்பு துப்பாக்கி மேலதான்னு. அம்புட்டுத்தான். அதுக்குத்தான் மலையில இருந்து மூணு பஸ்ஸு மாறி, இதைப் போர்வையில சுத்தி, கண்டக்டர்கிட்ட லைசென்சைக் காட்டிக் காட்டி வந்து சேந்திருக்கேன்.

தாள் யாருக்கா? சர்க்காருக்கு இல்ல சார். போலீசு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. ஃபாரஸ்ட்டுக்காரவுகளும் எழுதி முடிச்சிட்டாங்க. பன்னி குத்தினதுக்கு என்ன கேசு? தாள் என் தம்பிக்கு. அமலதாசுன்னு பேரு. ஒரு காலு போயிருச்சு அவனுக்கு, முட்டிக்கு மேல. நான் சுட்ட பன்னி... இருங்க, அப்படிச் சொல்லக்கூடாது. இந்தத் துப்பாக்கி சுட்ட பன்னி. குண்டு படவேண்டிய எடத்துல படாம, அரைகுறையா அடி வாங்கி ஓடின பன்னி அவன் தொடையைக் கிழிச்சிருச்சு. வியாழக்கிழமை அவன் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலையை விட்டே எறங்குறான். ராயப்பன்பட்டியில அவன் மாமனார் ஊரு, அங்க போறான். லாரி சொல்லியாச்சு. இன்னிக்குச் செவ்வா. நாளைக்குள்ள இந்தத் தாளை நான் அவன் கையில குடுக்கணும். குடுத்தா இருப்பான் சார். தப்பு அண்ணன் மேல இல்ல, துப்பாக்கி மேலன்னு ஆயிட்டா எதுக்குப் போகணும் அவன்?

மொதல்ல குழாயைத் தாங்குற கட்டை மரத்தைப் பாருங்க. எனக்கும் துப்பாக்கி தெரியும் சார், இருபத்திரெண்டு வருசமா வச்சிருக்கேன். எங்க பஞ்சாயத்துல பன்னி சுட ஆர்டர் போட்டா மொதல்ல எம்பேரைத்தான் போடுவாங்க. மரம் குழாயைத் தொடக்கூடாது. எங்க ஊரு மழைக்கு மரம் உப்பும். உப்பினா குழாயை ஒரு பக்கமா நெட்டும், குண்டு எங்கிட்டாச்சும் போகும். நடுவுல ஒரு தாளை விட்டா நுனியில இருந்து உள்ளார வரைக்கும் தடையில்லாமப் போகணும். விட்டுப் பாருங்க. போகுதா? முழுக்கப் போகுதா? இன்னொருக்கா விடுங்க சார், மெதுவா. ...சரி. மரம் இல்ல.

அப்ப திருகாணி. மரத்தையும் இரும்பையும் சேத்துப் பிடிக்கிற ரெண்டு திருகாணி, அதுல ஒண்ணு லேசா எளகியிருந்தாப் போதும். இறுக்கமா இருக்கா? ரெண்டுமா? சரி. அப்ப வாயைப் பாருங்க. குழாயோட வாய் விளிம்புல ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலே வெளிய வர்ற குண்டு கோணிக்கிட்டுப் போகும். எலெக்‌ஷனுக்கு லைசென்சுத் துப்பாக்கியெல்லாம் போலீசு வாங்கி வச்சப்ப இதுவும் நாலு மாசம் ஸ்டேஷன்ல கெடந்துச்சு, எவனாச்சும் கீழ போட்டிருப்பான். லென்சு வச்சுப் பாருங்க சார். ஒண்ணுமில்லையா? சுத்தமா இருக்கா?

இது என்னா சார், நீங்க பாக்கப் பாக்க இது நல்லதாயிக்கிட்டே போகுது.

துணி எதுக்கு? குழாயைத் தொடைக்கிறீகளா? ஆமா, எண்ணெய் இருக்கும், நான்தான் ஊத்தி வச்சேன். ஸ்டேஷன்ல குடுக்கும்போது தாராளமா ஊத்தித்தான் குடுத்தேன், துருப்பிடிக்கக் கூடாதுல்ல. திருப்பி வாங்கின பெறகா? தொடைக்கலையே. அப்படியேதான் சுட்டேன். எண்ணெயோட சுட்டா மொதக் குண்டு விலகிப் போகுமா? அப்படியா? அதை யாரும் எனக்குச் சொன்னதில்ல. சரி, தொடைங்க. எப்படியும் அது பெரிய சங்கதி இல்ல.

ம்... போட்டுட்டீகளா? எங்க விழுந்துச்சுன்னு சொல்லாதீங்க சார். அஞ்சையும் போட்டுட்டு மொத்தமாச் சொல்லுங்க. 

அடுத்த குண்டுக்கு முன்னாடி குழாய் ஆறணுமா? ஆறட்டும். சூடான குழாய் நிலைமாறும், அது எனக்கும் தெரியும். அதுவரைக்கும் சொல்றேன், கேளுங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மலை ஏறினோம். பக்கத்து பக்கத்துல ஏலத்தோட்டம், கீழ கொஞ்சம் மரவள்ளி, ரெண்டு தோட்டத்துக்கும் ஓடையில ஒரே மோட்டாரு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல துணி காயப்போட ஒரே கயிறு. இப்ப அந்தக் கயித்துல அவன் பக்கத்து முடிச்சை அவன் பொண்டாட்டி ரோணிக்கம் அவுத்துட்டா. எங்க துணி மண்ணுல கெடந்துச்சு. ஒரு வார்த்தை வையலை சார், சண்டை போடலை. முடிச்சை அவுத்துட்டு உள்ள போயிட்டா. வஞ்சிருந்தாக்கூடத் தேவலை.

எனக்கு ஊருல ஒத்தைத் தோட்டா சவரின்னு பேரு. ஏன்னா கேளுங்க. ஒரு பன்னிக்கு ஒரு தோட்டா, ரெண்டாவது தோட்டா போட்டதில்ல. லைசென்சுல வருசத்துக்கு இத்தனைன்னுதான் தருவாங்க, வாங்குறதுக்குக் கடை தேடி அலையணும். அதைப் போயி பொரிகடலை மாதிரி அள்ளி எறைக்க முடியுமா? சுட்ட பன்னியைத் திங்கக்கூட முடியாது, மண்ணெண்ணெய் ஊத்திப் பொதைக்கணும்கிறது ஆர்டரு. ஆனாலும் ஒரே குண்டுல சாச்சுட்டு, தோளுல துப்பாக்கியைப் போட்டு டீக்கடைக்கு வந்தோம்னா, அந்த டீக்கு ஒரு ருசி இருக்கு சார்.

ஆனி மாசம் ஸ்டேஷன்ல இருந்து துப்பாக்கி வந்துச்சு. அமலதாசு சொன்னான். "அண்ணே, நாலு மாசமா எங்கயோ கெடந்தது. சும்மா தூக்கிக்கிட்டுப் போகாதே. அட்டையில நாலு குண்டு போட்டுப் பாத்துரு"ன்னான். அவன் வாழ்க்கையில ஒரு குருவி சுட்டதில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அட்டைக்குப் போட்டுட்டுப் பன்னிக்கு என்னத்தைப் போட, உன் வாயையா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டுப் போயிட்டான். எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் போவான்.

ரெண்டாவது போட்டாச்சா? சரி, ஆறட்டும்.

ஆடி மாசம் மரவள்ளியில ஒரு பன்னி. விடிஞ்சும் விடியாத நேரம், நூறு கெஜத் தூரம் இருக்கும், பக்கவாட்டுல நின்னுக்கிட்டுக் கெழங்கைப் பறிக்குது. மூஞ்சி இடது பக்கம். தோளுக்குப் பின்னாடி குறி வச்சேன். போட்டேன். வலது பக்கம் ஒரு பலாக்கட்டையில பட்டை தெறிச்சுச்சு. பன்னி நின்னு என்னையப் பாத்துட்டுப் போகுது சார்! இருபத்திரெண்டு வருசத்துல எனக்கு அப்படி ஒரு அவமானம் வந்ததில்ல. அன்னிக்கே வீட்டுல வச்சுத் துப்பாக்கியைச் சரி பண்ணினேன்.

என்ன சரி பண்ணினேனா? சும்மா, அங்க இங்க பாத்தேன். சுத்தம் பண்ணினேன். எல்லாரும் பண்றதுதான்.

ஆவணியில இன்னொண்ணு. அதுவும் வலது பக்கம்தான் போச்சு. முன்னைக்கு இன்னும் அதிகமாப் போச்சு. மறுபடியும் சரி பண்ணினேன். அமலதாசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, "அண்ணே, அட்டை வெட்டித் தரவா?"ன்னான். நான் வீட்டுக்குள்ள போயிட்டேன். டீக்கடையில ஒருத்தன், "ஒத்தைத் தோட்டா சவரிக்கு இப்ப எத்தனை தோட்டா?"ன்னு கேட்டான். டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். இப்படியே போயிருந்தா என் பேரு என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க.

மூணா? சரி. கை வலிக்குதா சார்? இல்லைல்ல?

புரட்டாசி. காலையில ஆறு மணி, பனிமூட்டம். இந்தத் தடவை பெரிய ஆண், முன்னைக்குப் பாதித் தூரம்தான். கோரைப்பல்லு வெளிய தெரியுது. அதே மாதிரி பக்கவாட்டு, அதே மாதிரி இடது பக்கம் மூஞ்சி. எங்க வீட்டுல கதவைத் தொறந்துக்கிட்டு, "வேண்டாங்க, கீழ தம்பி மோட்டாருக்குப் போயிருக்காப்ல"ன்னு சொன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்? தோளுல போட்டா அங்கனயே விழப்போகுது, அதுக்குக் கீழ யாரு இருந்தா என்ன? தோளுலதான் குறி வச்சேன். சத்தியமாத் தோளுலதான் சார். குண்டு பின்னங்கால் சப்பையில பட்டுச்சு. அது கத்தின கத்து! இழுத்துக்கிட்டு ஓடைப்பக்கம் உருண்டு ஓடுச்சு. அங்க இவன் மோட்டாரு குழாயில அடைச்ச சருகை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு நின்னிருக்கான்.

அப்புறம் நான் கேட்டது பன்னிக் கத்து இல்ல.

போடுங்க சார். நாலாவதைப் போடுங்க. என்னையப் பாக்காதீங்க.

நான்தான் அவனைத் தூக்கிக்கிட்டு ஜீப்புக்கு ஓடினேன். என் வேட்டியைக் கிழிச்சு நான்தான் கட்டினேன். அதை யாரும் சொல்றதில்ல. பெரியாஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சிருந்துட்டுக் காலை எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சதும் எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அண்ணே, துப்பாக்கிக் குறியில கை வச்சியா?"ன்னான். இல்லடான்னேன். நான் எதுக்குக் கை வைக்கணும்? சரின்னு சொல்லிட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசலை. ரெண்டு மாசமாச்சு. ஊருல யாராச்சும் கேட்டா, "விதி, யாரு என்ன செய்ய"ன்னு சொல்றானாம். எனக்கு விதி வேண்டாம் சார். விதின்னு சொன்னா அதுல நானும் இருக்கேன்னு அர்த்தம். எனக்குத் துப்பாக்கின்னு சொல்லணும்.

கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். முட்டிபோட்டு ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மரம் உப்பினது, ஸ்டேஷன்ல கெடந்தது, பழைய தோட்டா, பனிமூட்டம், எல்லாம். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு. "துப்பாக்கியோட பாவமெல்லாம் சொல்லிட்ட, உன்னுது என்னப்பா?"ன்னு கேட்டாரு. எந்திரிச்சு வந்துட்டேன். அவருக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்? அப்புறம்தான் தெரிஞ்சவுககிட்டப் போவோம்னு உங்களைத் தேடி வந்தேன்.

அஞ்சும் முடிஞ்சுச்சா? வாங்க சார், போயி அட்டையைப் பாப்போம். நீங்க முன்னாடி போங்க.

பாத்தீங்களா! பாத்தீங்களா சார்! நட்ட நடுவுலதானே குறி வச்சீங்க? வலது பக்கம் ஒரு சாண்! நான் சொன்னேன்ல? உங்க கையிலயே இப்படிப் போகுதுன்னா நான் எம்மாத்திரம்! அம்மா மாதாவே! எழுதுங்க சார், இப்பவே எழுதுங்க, மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சா ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிருவேன். அவன் படுக்குறதுக்கு முன்னாடி குடுத்துருவேன். லாரிக்காரனுக்கு நானே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருவேன்.

பேனாவை எடுங்க சார். ஏன் அட்டையையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

ஒரே எடத்துலயா? ஆமா, ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அஞ்சு ரூவாக் காசை வச்சா அஞ்சு ஓட்டையும் மறைஞ்சுரும்தான். அதனால என்ன? என்ன சொல்றீங்க? கெட்ட துப்பாக்கின்னா அஞ்சையும் அஞ்சு தெசையில எறியும்... இது அஞ்சையும் ஒரே எடத்துல வைக்குது... இம்புட்டு நல்ல துப்பாக்கியை நீங்க இந்த ஊருப் பக்கம் பாத்ததில்லையா? அப்படிச் சொல்லாதீங்க சார். தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. வலது பக்கம் போயிருக்குல்ல? கண்ணால பாக்குறோம்ல?

குறியா? குழாய் நுனியில நிக்கிற முன்குறி எடம் மாறியிருக்கா?

எம்புட்டு? ஒரு நெல்லு அகலமா? ஒரு நெல்லு நகந்ததுக்கா அங்க ஒரு சாண்? எந்தப் பக்கம் நகந்திருக்கு, இடது பக்கமா? அப்ப சரியாத்தானே இருக்கு? குண்டு வலது பக்கம் போனா முன்குறியை இடது பக்கம்தானே தட்டணும்? மாடு வலது பக்கம் போனா இடது கயித்தைத்தானே இழுக்குறோம்? ...என்னது, மாத்தியா? குண்டு போற பக்கத்துக்கே தள்ளணுமா? வலது பக்கம் போனா வலது பக்கமே தள்ளணுமா? அது எப்படி சார்? இடது பக்கம் தட்டத் தட்ட இன்னும் வலது பக்கமாத்தான் போகுமா? ஒவ்வொரு தட்டுக்குமா?

இல்ல, நான் சும்மா கேக்குறேன். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு.

ஆமா, முன்குறி ஓரம் பளபளன்னுதான் இருக்கு. வலது பக்கத்துல இருந்து அடிச்ச தடம்தான். சுத்தியலா, என்னமோ. மொத்தம் மூணு தடமா? எனக்கு ரெண்டுதான்... எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. ஆடியில போட்ட அந்த மொதக் குண்டு எண்ணெயால விலகினதா? அப்ப குறி மொதல்ல சரியாத்தான் இருந்துச்சா? யாரும் தொடாம விட்டிருந்தா ரெண்டாவது பன்னி அங்கனயே விழுந்திருக்கும். மூணாவதும் விழுந்திருக்கும். அப்படித்தானே சொல்றீங்க?

யாரு தட்டினதுன்னா... சொல்றேன் சார். எழுதணும்னா சொல்லித்தான் ஆகணும். வந்து... என் தம்பிதான் சார். அமலதாசுதான். அவனுக்கு எதையும் நோண்டிப் பாக்குற புத்தி. நான் இல்லாத நேரம் எடுத்து, சுத்தியலை வச்சு... ஆமா. அவன்தான். நீங்க 'குறி தட்டப்பட்டிருக்கிறது'ன்னு மட்டும் எழுதுங்க, போதும். பேரு வேணுமா? தட்டினவன் பேரோடதான் எழுதுவீங்களா? சரி, எழுதுங்க. அமலதாசு. தகப்பன் பேரு ஞானமுத்து. எனக்கும் அதே தகப்பன்தான்.

எழுதிட்டீங்களா? படிங்க பாப்போம்.

...இன்னொருக்கா படிங்க.

அடிச்சிருங்க சார். அந்தப் பேரை அடிச்சிருங்க. அடிச்சாப் பத்தாது, கீழ தெரியும், தாளையே கிழிங்க. இங்க குடுங்க, நான் கிழிக்கிறேன். ஒத்தைக் காலோட உக்காந்து அவன் இதைப் படிப்பான். படிச்சுட்டு என்ன செய்வான்னு உங்களுக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும்.  "சரிண்ணே"ம்பான். அண்ணன் தன் பேரைக் காப்பாத்திக்கட்டும்னு ஒத்துக்கிருவான். அவன் அப்படிப்பட்ட பய. அந்தப் பயலையா நான்...

வேற தாள் எடுங்க. எழுதுங்க. சவரியப்பன், தகப்பன் பேரு ஞானமுத்து. துப்பாக்கி நல்ல துப்பாக்கி. அஞ்சு குண்டையும் ஒரே எடத்துல போடுது. முன்குறியைச் சுத்தியலால தட்டினது இந்தச் சவரியப்பன்தான். ஆடியில ஒரு தடவை, ஆவணியில ஒரு தடவை, புரட்டாசியில பன்னி வர்றதுக்கு மொத நாளு சாயங்காலம் ஒரு தடவை. யாரும் சுடாமலேயே, சும்மா ஒரு சந்தேகத்துக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்னு தட்டினான். தப்பான பக்கம் தட்டினான். ஒரு தடவைகூட அட்டையில போட்டுப் பாக்கலை. எழுதிட்டீங்களா? சீலை அழுத்தி வைங்க.

அதுக்குக் கீழ இன்னும் ஒண்ணு எழுதணும். ஆஸ்பத்திரியில தம்பி கேட்டப்ப, கை வைக்கலைன்னு பொய் சொன்னான்னு.

ஏன் சார்? துப்பாக்கியைப் பத்தி மட்டும்தான் கிளப் தாள்ல எழுத முடியுமா? ஒரு வரிதானே? ஓரமா, சின்னதா எழுதினாக்கூடப் போதும். இல்ல, உங்களைக் குத்தம் சொல்லலை, சட்டம்னா சட்டம்தான். அப்ப அந்த ஒரு வரியை யாரு அவன்கிட்டச் சொல்றது?

நானா?

வாயாலயா சார்?